ஜாமீன்தாரரின் பொறுப்பும் பயிற்சியும்: கடலூர், சிதம்பரம்

ஜாமீனில் வெளிவந்து, வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானவரைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பதையே தொழிலாகக் கொண்ட தனியாரை ஜாமீன் அமலாக்க முகவர் என்பர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவர்களுக்கு உரிமமும் பயிற்சியும் கட்டாயம். இந்தியச் சட்டத்தில் இப்படியொரு தொழிலே கிடையாது. கடலூர், சிதம்பரம் நீதிமன்றங்களில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தலைமறைவானவரைத் தேடுவது பிடிவாரண்டைக் கையில் வைத்திருக்கும் காவலரின் வேலை. அவர் வராமற்போனதற்குப் பணத்தால் பதில் சொல்வது ஜாமீன்தாரரின் கடமை. காவலர் பயிற்சி பெற்றவர். ஜாமீன்தாரருக்கு எவரும் எதையும் கற்றுத் தருவதில்லை. எதற்குக் கட்டுப்படுகிறோம் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் கடமை நீதிமன்றத்துக்கும் சட்டப்பணிகள் அமைப்புக்கும் உண்டு என்பதே இந்தப் பிரிவினையின் வரலாறு காட்டும் முடிவு.

இரு நாட்டு முறைகளுக்கும் வேர் ஆங்கிலேயப் பொதுச் சட்டமே. அங்கே ஜாமீன்தாரர் என்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தன் காவலில் வைத்திருப்பவராகவே கருதப்பட்டார். உறவோ நட்போ காரணமாகக் கூலியில்லாமல் நின்றவர். அமெரிக்கா அந்தக் காவலுரிமையை விரித்துக்கொண்டே போயிற்று. 1872இல் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தலைமறைவானவரை வேறு மாநிலம் வரை துரத்தலாம், அவருடைய வீட்டை உடைத்தும் நுழையலாம் என்று சொல்லிவிட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் மெக்டொனா சகோதரர்கள் கட்டணத்துக்கு ஜாமீன் கொடுப்பதை வணிகமாக்கினர். பயிற்சி பற்றிய கேள்வி வெகு காலம் கழித்தே எழுந்தது. கைது அதிகாரம் குறித்த 40 மணிநேரப் படிப்பைக் கலிபோர்னியா 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கட்டாயமாக்கியது. வீட்டை உடைக்கும் அதிகாரம் பெற்றவர்களுக்கு ஒரு வாரப் பாடம் வந்துசேர நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தியா வேறு வழியில் போயிற்று. 1861இல் தொடங்கிய குற்றவியல் நடைமுறைச் சட்ட வரிசையில், ஜாமீன்தாரரின் விலகலையும் ஜாமீன் தொகைப் பறிமுதலையும் பற்றிய, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 502, 514ஆம் பிரிவுகள் 1973இல் 444, 446 ஆயின. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 489, 491ஆக இருக்கின்றன. எண்கள் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. பொறுப்பிலிருந்து விலக விரும்பும் ஜாமீன்தாரர் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். ஆளைப் பிடிக்க வாரண்டு பிறப்பிப்பது நீதிமன்றம். தன் கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவரையும், பிரகடனம் செய்யப்பட்ட குற்றவாளியையும் தவிர வேறெவரையும் தனியார் கைது செய்ய முடியாது. வணிகத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரே ஜாமீன்தாரருக்கு ஈட்டுத்தொகை தரும் ஒப்பந்தம் செல்லாது என்று 1885இல் ஹெர்மன் எதிர் யூக்னர் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்தது. ஜாமீன்தாரருக்கு இழக்க ஏதாவது இருந்தால்தான் அவர் ஆளைக் கண்காணிப்பார் என்பது அதன் காரணம். ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் இந்திய நீதிமன்றங்களும் அவ்வழியே நின்றன.

இப்படிப் பிடிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட சட்டம், பணப் பொறுப்பை மட்டும் ஜாமீன்தாரரின் தலையிலேயே விட்டுவைத்தது. கடலூர் அந்தப் பொறுப்பு கனக்கும் ஊர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி பக்கத்திலேயே இருந்தது. தலைமறைவானவர் அங்கே போய்விட்டால் ஆங்கிலேய வாரண்டு அவரைத் தொடமுடியவில்லை. 1908 முதல் அங்கே வாழ்ந்த பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதாகி, டிசம்பர் 14 வரை சிறையிலிருந்தார். இன்று புதுச்சேரியிலும் இந்திய வாரண்டு செல்லும். ஆனால் அது வேறு காவல்துறையின் எல்லை. இந்தப் பொறுப்பை ஏற்று, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி தன் ஊர்க்காரருக்காகச் சிதம்பரம் நீதிமன்றத்தில் கையெழுத்திடும்போது கேட்கப்படுபவை வரி ரசீது, புகைப்படம், இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகல். கடைசி மூன்றும் சென்னை உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாக வரும் நிபந்தனைகள். எல்லாமே அவர் யார் என்று நீதிமன்றம் அறிந்துகொள்ள; அவர் அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆள் வராவிட்டால் ஜாமீன் தொகை பறிமுதலாகும், கட்டவும் வசூலிக்கவும் முடியாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை நேரலாம், முன்கூட்டியே மனு போட்டு விலகலாம், தண்டத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும்படி காரணம் காட்டிக் கேட்கலாம் என்ற நான்கும் அந்த மேசையிலேயே அவருக்குத் தெரியவேண்டியவை.

காசுக்குக் கையெழுத்திடும் வாடகை ஜாமீன்தாரர்கள் ஏற்கெனவே இருப்பதால், அவர்களுக்கு உரிமமும் பயிற்சியும் கொடுத்து முறைப்படுத்தலாமே என்பர் சிலர். தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005 இதற்கு முன்மாதிரியாகச் சுட்டப்படலாம். அதன் மத்திய மாதிரி விதிகள் காவலாளிக்கு 100 மணிநேர வகுப்பும் 60 மணிநேரக் களப்பயிற்சியும் கோருகின்றன. ஆனால் வாயிற்காவலுக்கு உரிய அந்தப் பயிற்சி, வீட்டுக்குள் நுழைந்து ஒருவரை இழுத்துவரும் அதிகாரத்துக்குப் போதாது. மேலும், ஜாமீனுக்குக் கட்டணம் வந்தால் கட்ட முடிந்தவர் மட்டுமே வெளியே வருவார். 1978இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எதிர்த்தது அந்தப் பாகுபாட்டையே. ஒரு மேஸ்திரியிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், வெளி மாவட்டத்தார் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுத்ததையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. வாடகை ஆட்களைத் தடுக்க, இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றார் என்று உறுதிமொழி தரச் செய்யும், 1973 சட்டத்தின் 441ஏ பிரிவு, சன்ஹிதாவில் இப்போதைய 486, ஏற்கெனவே உண்டு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. விளைவுகளை விளக்கிச் சொன்னால் பயந்துபோய் எவரும் ஜாமீன் நிற்கமாட்டார்கள், கடலூர் கேப்பர் மலைச் சிறையிலிருப்பவர்கள் வெளியே வருவது இன்னும் தாமதமாகும் என்பது அது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் ஒருவர் அறியாமல் இடும் கையெழுத்தின்மேல் இன்னொருவரின் விடுதலையை நிறுத்துவது சரியாகாது. ஆள் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன: ஜாமீன்தாரர் இல்லாத சொந்தப் பிணை; 2023இல் மத்திய அரசு தொடங்கிய, விசாரணைக் கைதிக்குப் பண உதவி தரும் ஏழைக் கைதிகள் திட்டம்; அதே ஆண்டு ஜனவரி 31 அன்று, உள்ளூர் ஜாமீனை வற்புறுத்துவதே தாமதத்துக்குக் காரணம் என்று குறிப்பிட்டு உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல். கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் சிதம்பரம் வட்டக் குழுவுக்கும் தன்னார்வச் சட்டப் பணியாளர்கள் உண்டு. கையெழுத்துக்கு முன் அவர்களில் ஒருவர் அந்த நான்கு செய்திகளையும் தமிழில் படித்துக் காட்டி, நகலை ஜாமீன்தாரரின் கையில் கொடுக்கலாம். அதற்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது.