மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் மகன் தன் வீட்டுக் கராஜில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறான். 1965ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. அது. 6.4 லீற்றர் இயந்திரம். முந்நூறுக்கு மேற்பட்ட குதிரை வலு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ, ஓர் ஆணி கூட மாறாமல் அப்படியே அதைத் திருப்பிக் கொண்டுவருவதே அவனது இலட்சியம். "மாமா, உங்கள் ஏ40 எந்த ஆண்டுக்குத் திரும்பியிருக்கிறது?" என்று அண்மையில் தொலைபேசியில் கேட்டான். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வத்தளையில் என் வீட்டின் முன் தாழ்வாரத்தில் நிற்பது ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் தயாரான வகை. 1200 சி.சி. இயந்திரம், ஏறத்தாழ 42 குதிரை வலு, ஸ்ரியரிங் தண்டிலே பொருத்திய கியர், முன்னால் இரண்டு பேர் நெருங்கி உட்காரக்கூடிய நீண்ட இருக்கை. திரும்பும் திசையைக் காட்ட, கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும். மருமகனின் காரோடு ஒப்பிட்டால் இது வலுவற்ற வண்டி. ஆனால் இதன் வலுவை வேறு அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பதிவுப் புத்தகத்தின்படி இதன் முதல் உரிமையாளர் கொழும்பைச் சேர்ந்த ஒரு பறங்கியர். இலக்கத் தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். சிலோன் என்ற பெயரின் எழுத்துக்களையே அக்காலத்தில் தகடுகளில் பொறித்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் பின்னர் புதிய வாகனங்களின் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1957இல் இயக்கம் தொடங்கியது. பஸ் சேவை அரசுடைமையாகிய 1958இல், அந்த எழுத்தோடு வடக்கே வந்த பஸ்களில் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நாடு எரிந்தது. ஓர் எழுத்தினால் மட்டும் ஒரு கலவரம் உண்டாவதில்லை. ஆயினும் அந்த மாதங்களில் ஒரு வாகனத் தகடு எவ்வளவு பாரம் சுமந்தது என்பதை என் தலைமுறை மறக்காது.

மொழிச் சட்டத்தின் பின்னர் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். இந்தக் காரும் 1960களின் தொடக்கத்தில் கை மாறி மானிப்பாய்க்குப் போயிற்று. அங்கே அது ஹயர் காராக ஓடியது. யாழ்ப்பாணத்தில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிரசவம், பலாலி விமான நிலையம் எல்லாவற்றுக்கும் ஏ40தான். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் கார் இறக்குமதி சுருங்கியது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. புதிய கார் வராத நாட்டில் பழைய கார் சாகக்கூடாது. சாகாமல் பார்த்துக்கொள்ள ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உருவானார்கள்.

இடையில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1952இல் ஜப்பானின் நிசான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஓர் ஒப்பந்தம் செய்து, இதே ஏ40 சோமசெற்றைத் தன் நாட்டில் பொருத்தத் தொடங்கியது. அதன் பின்பு ஏ50 கேம்பிறிட்ஜையும் தயாரித்தது. அந்தப் பயிற்சியில் கற்றது கொஞ்சமல்ல. 1977இல் நம் நாட்டின் சந்தை திறந்துவிடப்பட்டதும் கொழும்பு வீதிகளில் ஏ40களை ஓரங்கட்டியவை ஜப்பானியக் கார்களே. மாணவன் ஆசானை வென்ற கதை.

யாழ்ப்பாணத்தில் மட்டும் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல், பற்றறி, சீமெந்து முதலிய பொருட்கள் செல்வது தடைப்பட்டது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. பங்கீட்டில் கிடைத்த மண்ணெண்ணெயை நம்பியே விளக்கும் எரிந்தது, வண்டியும் ஓடியது. புதிய ஜப்பானியக் கார்கள் அதற்குப் பணியவில்லை. ஏ40 பணிந்தது. காரணம் எளிது. சோமசெற்றின் இயந்திரம் காற்றையும் எரிபொருளையும் 7.2க்கு 1 என்ற குறைந்த விகிதத்தில்தான் அமுக்குகிறது. விகிதம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தியே வெடித்து உள்ளே தட்டும். பழைய இயந்திரம் அதைத் தாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எண்ணெயில் இதே முறையில் வயலில் வேலை செய்தது.

ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், எண்ணெயோ கிடைக்காது. பின்னால் வெண்புகை. முன்னால் வயிற்று வலியோடு ஒரு கர்ப்பிணிப் பெண். அந்த ஐந்தாறு ஆண்டுகள் அப்படி ஓடின.

இங்கே என் பங்கையும் சொல்லியாக வேண்டும். அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி நிருபர் ஒருவர் பாடுபட்டு அனுப்பிய நீண்ட செய்தி என் கைக்கு வந்தது. மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்கள் சுமந்து சென்ற நோயாளிகளைப் பற்றிய பந்திகளை இடமில்லை என்று வெட்டினேன். நம்மவர் கெட்டிக்காரத்தனத்தை மெச்சும் பகுதியை மட்டும் வைத்து, ஒரு பகிடித் தலைப்பும் போட்டு, உட்பக்கத்தில் பெட்டிச் செய்தியாக்கினேன். தணிக்கை வெட்டியது என்று சொல்லித் தப்ப முடியாது. வெட்டியவன் நான்.

2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அந்த ஆண்டிலேயே ஏ9 பாதை திறந்தது. அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போயிருந்தபோது, பூவரச மர நிழலில் இந்தக் காரைக் கண்டேன். உரிமையாளர் எழுபதைக் கடந்தவர். கண் பார்வை மங்கிவிட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவில், இந்தக் காரை அவர் ஓட்டவில்லை, தள்ளியிருக்கிறார். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. உள்ளே இரண்டு கிழவிகளும் ஒரு கைக்குழந்தையும். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டதாம்.

"தம்பி, காசைப் பற்றிப் பிரச்சினையில்லை. உடைச்சு இரும்புக்கு மட்டும் வித்துப் போடாதையும்" என்றார்.

லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முகமாலையிலும் ஓமந்தையிலும் இரு தரப்பினரும் அதைத் தனித்தனியே சோதித்தார்கள். வத்தளைக்கு வந்த பின்பு, ஓய்வு பெறும்வரை அது தார்ப்பாயின் கீழேதான் கிடந்தது. கடற்காற்று எங்கள் ஊருக்குக் கொடுக்கும் சீதனம் துரு. வேலையைத் தொடங்கியபோது கதவுகளின் அடிப்பகுதி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. நல்ல வேளையாக, ஏ40இன் உடல் தனியான செசியின் மீது அமர்ந்தது. செசி திடமாக இருந்தது.

தகர வேலைக்கு ஹெந்தளையிலிருந்து ஒரு சிங்கள பாஸ் வந்தார். பிரேக் றப்பர்களையும் வயர்களையும் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்தேன். அங்கே கிடைக்காதவை இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன. பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க, கூரையில் ஓரிடத்தை மணற்கடதாசியால் தேய்த்தோம். கறுப்பு, அதன் கீழே நீலம், அதன் கீழே மீண்டும் கறுப்பு, அடியிலே தொழிற்சாலை பூசிய மென்பச்சை. சாரதியின் காலடித் தளம் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டித் தட்டி ஒட்டிய தகரம்.

இயந்திர அறைக்குள் ஓர் அங்குல அகலத்தில் ஒரு பித்தளைக் குழாய்த் திறப்பு இருந்தது. பக்கத்தில் மருந்துப் போத்தல் ஒன்றைச் செருகுவதற்கு இரும்புப் பட்டையில் வளைத்த தாங்கி. பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் கருவி அதுதான். பாஸ் அதைக் கழற்றிக் கையில் எடுத்து, "மாத்தையா, இது கொம்பனிச் சாமான் இல்லையே, எறிந்துவிடவா?" என்று சிங்களத்தில் கேட்டார். எதற்கு அது என்று விளக்கினேன். சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெயாலேயே கழுவி, துடைத்து, என் கையில் தந்தார்.

பழைய கார் ஆர்வலர்கள் மூலநிலை என்று ஒன்றைச் சொல்வார்கள். 1953க்குத் திருப்புவதானால் அந்தத் திறப்பை எறியத்தான் வேண்டும். எறிந்திருந்தால், பத்திரிகை மேசையில் செய்ததையே இரண்டாம் முறையும் செய்தவனாவேன்: அழகான பகுதியை வைத்துக்கொண்டு, வலித்த பகுதியை வெட்டுவது. ஆகவே இப்படித் தீர்மானித்தேன். உயிரைக் காப்பவை எல்லாம் புதிது: பிரேக், வயரிங், ரயர், காலடித் தளம். நிறம் தொழிற்சாலையின் மென்பச்சை. பித்தளைத் திறப்பும் போத்தல் தாங்கியும் இருந்த இடத்திலேயே, குழாய் இணைப்பு இல்லாமல். பீப்பாய்த் தகரத்தை எண்ணெய் பூசி, பின்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2019இல் கார் ஓடியது. 2022இல் நின்றது. நாட்டில் பெற்றோல் இல்லை. ஓகஸ்டில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். "உங்கள் காருக்குத்தான் மண்ணெண்ணெய் போதுமே" என்று அயலவர் பகிடி விட்டார். மண்ணெண்ணெயும் இல்லை, எங்கள் பகுதி மீனவர்கள் அதற்காகக் கான்களோடு வரிசையில் நின்றார்கள். வடக்கு அந்த ஆண்டுகளில் பட்டதில் ஒரு சிறு துளியை மேற்கு அன்று ருசித்தது. போர் இல்லாமல், குண்டு இல்லாமல், சில மாதங்கள் மட்டும். அந்த வரிசைகளைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் முதற்பக்கத்தில் எழுதின. எழுதத்தான் வேண்டும்.

மானிப்பாய்ப் பெரியவர் இன்று இல்லை. கார் ஓடத் தொடங்கிய ஆண்டில் அவருடைய மகள் வந்து பார்த்தார். நிறத்தைப் பார்த்து, "இது எங்கட கார்தானா?" என்றார். பொனற்றைத் திறந்து காட்டினேன். அந்தப் பித்தளைத் திறப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மருமகனுக்கு என் பதில் இதுதான்: ஓர் ஆண்டுக்கு அல்ல, எல்லா ஆண்டுகளுக்கும் திருப்பப் பார்த்தேன். முழுவதும் முடியவில்லை, முடிந்தவரை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.