கூம்பில் தொலைந்த கம்பி

என் பேஸ் கிட்டார் உறைக்குள் இரண்டு டிரில் பிட்டுகள் கிடக்கும். ஒன்று 3 மில்லி, இன்னொன்று 2 மில்லி. திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. சனி, ஞாயிறானால் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ். ஃபிட்டருக்குக் கண் அளவில் நம்பிக்கை கிடையாது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும், அதன் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளான பிக்கப்புக்கும் நடுவில் பிட்டைச் செருகிப் பார்ப்பேன். தடித்த 'ஈ' கம்பிப் பக்கம் 3, மெல்லிய 'ஜி' கம்பிப் பக்கம் 2. தடித்த கம்பி வீச்சாக அதிரும், காந்தப்புலத்தை அதிகம் கலக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் நாலு கம்பியும் ஒரே பலத்தில் பேசும். ஆசைப்பட்டு ரொம்ப நெருக்கினாலோ, காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து சுருதியையே ஆட்டிவிடும்.

இந்தப் பாடத்தின் மூலவர் லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். 1951இல் பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்தார். 1957இல் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார்: ஈ, ஏ கம்பிகளுக்கு ஒன்று, டி, ஜி கம்பிகளுக்கு ஒன்று. தனித்தனித் திருகு, தனித்தனி உயரம். எங்கள் கைக்கு வந்தது கல்கத்தாவில் செய்த நகல்தான். ஆனால் திருகு திருகுதானே.

80களில் எங்கள் மேடையில் இந்தக் கணக்கு செல்லவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று சுற்றுவோம். மைக் செட் என்றால் கூம்புதான். மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் கட்டித் தொங்கும். மேடைப் பேச்சும் நாதஸ்வரமும் அதில் கணீரென்று இருக்கும். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்புக்கு வாயே கிடையாது. திறந்த ஜி கம்பி நொடிக்கு 98 முறை அதிர்கிறது, ஈ 41 முறை. இரண்டுமே அதன் வழியாக வெளியே வராது. வருவது அவற்றின் மேல் அதிர்வுகள் மட்டும். அதை வைத்துக்கொண்டு காது அடி ஸ்வரத்தைத் தானாக ஊகித்துக்கொள்ளும். ஜி கம்பியில் ஊகிக்கச் சரக்கு உண்டு. ஈ என்று பெயர் வைத்த நேரமோ என்னவோ, அது ஈ பறக்கிற அளவுகூடக் கேட்காது.

போதாததற்குக் கடற்காற்று. எண்ணூர்ப் பக்கம் இரும்பு என்ன பாடுபடும் என்று அங்கே வீடு கட்டியவரைக் கேளுங்கள், ஜன்னல் கம்பியைக் காட்டுவார். கிட்டார் கம்பிக்கும் அதே கதிதான். சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் உப்பும் கை அழுக்கும் ஏறினால் மேல் அதிர்வுகள்தான் முதலில் சாகும். கூம்பு நம்பியிருந்ததே அவற்றை. புதுக் கம்பி வாங்கக் கட்டுப்படியாகாமல் பழையதை வெந்நீரில் வேகவைப்போம். அழுக்கு கழன்று இரண்டு கச்சேரிக்குத் தாங்கும். அந்தப் பாத்திரத்தில் அப்புறம் சோறு வடிக்க மாட்டேன் என்று என் மனைவி சொன்னது நியாயம்தான்.

வெறும் ஆதார ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு வெளியே தெரிந்திருக்காது. சினிமா வாத்தியக் குழுவில் டபுள் பேஸ் பின்னால் நின்று முட்டுக் கொடுத்த காலம் வேறு. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். பின்னாலேயே பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு பாட ஆரம்பித்தது. அவர் பாடல்களில் சசிதரன் பேஸ் வாசித்ததைக் கேசட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுத்தான் நாங்கள் கற்றோம். அந்த மெட்டு நாலு கம்பியிலும் ஏறி இறங்கும். ஒரு கம்பி அமுங்கினால் பல் போன சீப்பு மாதிரி நடுவில் ஓட்டை விழும். அதனால் நான் அளவைத் தலைகீழாக்கினேன்: ஈ பக்கம் 2, ஜி பக்கம் 3. ஈ-யில் வரவேண்டிய சில இடங்களை ஒரு ஸ்தாயி மேலே, டி கம்பிக்கு மாற்றிவிட்டேன். படித்தவர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

எங்கள் ஊருக்கு இந்தக் கவலை புதிதல்ல. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் திருவொற்றியூர்க்காரர். வீணையிலும் வாசிக்கும் கம்பி நாலு; கடைசி, அனுமந்தரம். 24 மெட்டுகளை, அதாவது வீணையின் ஃப்ரெட்டுகளை, மெழுகில் பதிக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். குதிரையின் மேல்தகட்டில் சிறு பிசகு இருந்தாலும் ஒரு கம்பி மட்டும் ஊமையாகிவிடும். குப்பய்யருக்கு விளக்குக் கம்பத்துக் கூம்பு மட்டும் வாய்க்கவில்லை, புண்ணியவான்.

2000இல் ஒலி மாசு விதிகள் வந்து இரவு 10 மணிக்கு மேடையை முடிக்க வைத்தன. அதற்குச் சில வருஷம் முன்பே எங்கள் பக்கம் பாக்ஸ் ஸ்பீக்கர் வந்திருந்தது. எண்ணூரில் ஒரு அம்மன் கோயில் கச்சேரி. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டி. நான் பழைய பழக்கத்தில் ஈ-யைத் தூக்கியே வைத்திருந்தேன். முதல் பாட்டிலேயே பந்தல் தகரம் கடகடவென்று ஆடியது. தெருவில் லாரி திரும்புகிறது என்று நினைத்தேன், அது நான்தான். இடைவேளையில் ஸ்க்ரூடிரைவரும் பிட்டுகளும் எடுத்து உட்கார்ந்தேன். ஈ பக்கம் 3, ஜி பக்கம் 2. அடுத்த பாட்டில் திறந்த ஈ கம்பியைத் தட்டினேன். பத்து வருஷத்துக்கு மேல் என் கையில் இருந்த சத்தம், அன்றுதான் நெஞ்சில் வந்து மோதியது. கம்பியை அமர்த்த மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டேன். பாடகர் திரும்பி முறைத்தார். சரணம் ஆரம்பித்திருந்தது.