சொல்ல முடியாதவற்றின் சமூகவியல்: மிக்கேல் பொலாக்கும் பிரெஞ்சு எய்ட்ஸ் ஆய்வின் தொடக்கமும்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் கிருமியைக் கண்டறிவது ஆய்வகத்தின் பணி, நோயாளியைக் காப்பது மருத்துவமனையின் பணி, பரவலைத் தடுப்பது அரசின் பணி என்று வகுத்து வைத்திருந்த முறைமை, 1980களில் எய்ட்ஸ் தோன்றியதும் போதாததாகிவிட்டது. மனிதரின் மிக அந்தரங்கமான உறவுகளின் வழியாகவும் பரவிய அந்நோயைத் தடுக்க வேண்டுமானால், யார் எவ்வகை உறவுகளில் வாழ்கிறார்கள், ஆபத்தை அறிந்த பின் எதை மாற்றிக்கொள்கிறார்கள், எதை மாற்றிக்கொள்ள முடியாமல் தவிக்கிறார்கள் என்பவற்றை அறிந்தாக வேண்டும். ஆனால் அவற்றைப் பற்றி நம்பத்தகுந்த தகவல் பெரும்பாலான அரசுகளிடம் இருக்கவில்லை. பிரான்ஸில் இக்குறையை நிரப்ப முன்வந்தவர்களுள் முதன்மையானவர், ஆஸ்திரியாவில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய சமூகவியலாளர் மிக்கேல் பொலாக் (1948–1992). நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்மீண்ட பெண்கள், பெருநகரங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு ஆண்கள், எய்ட்ஸ் பெருந்தொற்று என அவருடைய ஆய்வுப் பொருள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், அவற்றை ஒரே கேள்விதான் இணைத்தது: வெளியே சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்து வாழும் மனிதர்கள் தங்கள் அடையாளத்தைக் குலையாமல் காத்துக்கொள்வது எவ்வாறு?

இக்கேள்வியின் கனத்தை உணர, அக்காலப் பிரான்ஸின் சட்டநிலையை முதலில் அறிவது நன்று. 1791ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே ஒருபால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்ட நாடு பிரான்ஸ். எனினும் இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு 1942இல் இயற்றிய சட்டம், ஒருபால் உறவுக்கு மட்டும் ஆண்-பெண் உறவுக்கு இருந்ததைவிட உயர்ந்த வயது வரம்பை விதித்து, அதை மீறுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. விஷி அரசு வீழ்ந்த பின்னும் அந்தச் சட்டம் வீழவில்லை. 1960இல் நாடாளுமன்ற உறுப்பினர் போல் மிர்கே கொண்டுவந்த திருத்தம், குடிப்பழக்கம், பாலியல் தொழில் ஆகியவற்றோடு தன்பாலீர்ப்பையும் அரசு எதிர்த்துப் போராட வேண்டிய ‘சமூகக் கேடு’களின் வரிசையில் சேர்த்தது. வயது வரம்பிலிருந்த பாகுபாடு 1982 ஆகஸ்டில்தான் நீங்கியது. தன்பாலீர்ப்பாளர்களைக் காவல்துறை பட்டியலிட்டு வைக்கும் வழக்கம் நின்றதும் அதற்கு முந்தைய ஆண்டில்தான். தன் பெயர் அரசின் ஏட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சி வாழ்ந்த தலைமுறை, விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே நோயின் பெயரால் மீண்டும் பேசப்படலாயிற்று.

அறிவுலகும் இத்துறையில் அதிகம் முன்னேறியிருக்கவில்லை. பிரெஞ்சு மக்களின் பாலியல் நடத்தையைப் பற்றி நாடளாவிய அளவில் நடந்த முதல் பெரிய ஆய்வு, மருத்துவர் பியேர் சிமோன் தலைமையில் 2,625 பேரிடம் நடத்தப்பட்டு 1972இல் வெளிவந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அத்தகைய ஆய்வு மீண்டும் நடைபெறவில்லை. பாலியலை ஆராய்வது பல்கலைக்கழகப் பணிவாழ்க்கைக்கு உகந்ததன்று என்ற எண்ணமும் அறிஞரிடையே வலுவாக இருந்தது.

பொலாக் இத்துறைக்கு நேராக வந்தவர் அல்லர். வியன்னாவில் பிறந்து லின்ஸ் நகரில் சமூகவியல் பயின்ற அவர், பாரிஸுக்குச் சென்று பியேர் பூர்தியூவின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் ஆய்வாளரானார். வர்க்கம், கல்வி, பண்பாட்டு ரசனை ஆகியவை தலைமுறை தோறும் ஏற்றத்தாழ்வை எவ்வாறு மறுபடியும் உருவாக்குகின்றன என்று காட்டியவர் பூர்தியூ. அவருடைய ஆய்விதழில் பொலாக் தொடக்கத்தில் எழுதியவை, சமூக அறிவியல்களுக்கும் அவற்றுக்குப் பணம் தருவோருக்கும் இடையிலான உறவைப் பற்றியவை. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, கேள்வித்தாள்வழிக் கணக்கெடுப்பு ஆய்வை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்த பவுல் லாசர்ஸ்ஃபெல்டைப் பற்றி 1979இல் அவர் எழுதிய கட்டுரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கணக்கெடுப்பு என்பது யாருடைய தேவைக்காகக் கேள்விகளை வகுக்கிறது, யாருடைய பணத்தால் நடக்கிறது என்பதை இவ்வளவு கூர்ந்து கவனித்தவர், சில ஆண்டுகளில் தாமே ஒரு கணக்கெடுப்பை நடத்த நேர்ந்தபோது அக்கருவியின் ஆற்றலையும் குறைபாட்டையும் ஒருசேர அறிந்திருந்தார்.

1982இல், எய்ட்ஸ் என்ற பெயர் உலகுக்கு அறிமுகமான அதே ஆண்டில், ஆண்களின் ஒருபால் வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. சிற்றூர்களிலிருந்து பெருநகரத்துக்கு இடம்பெயர்ந்து, குடும்பத்தின் கண்ணுக்கு எட்டாத தொலைவில் தனக்கென ஒரு வட்டத்தை அமைத்துக்கொள்ளும் ஆணின் வாழ்க்கையை, மருத்துவத்தின் பிறழ்வுப் பட்டியலில் ஒன்றாகவோ ஒழுக்கத்தின் வழக்காகவோ பாராமல், வர்க்கம், தொழில், நகரம் ஆகியவற்றால் வடிவம் பெறும் சமூக வாழ்க்கையாக அக்கட்டுரை விளக்கியது. அதே வேளையில் அவ்வட்டம் தரும் மகிழ்ச்சி எந்த அளவுக்கு விடுதலை, எந்த அளவுக்கு ஒதுக்கத்தின் விளைவு என்ற சங்கடமான கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை.

இதற்கு இணையாக நடந்ததுதான் ஆஷ்விட்ஸ்-பிர்கனவ் வதைமுகாமிலிருந்து மீண்ட பெண்களைப் பற்றிய ஆய்வு. நீதிமன்றத்தில் அளிக்கும் சாட்சியம், வரலாற்று ஆணையத்துக்குத் தரும் வாக்குமூலம், தாமே எழுதும் தன்வரலாறு, ஆய்வாளரோடு நிகழும் நீண்ட உரையாடல் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரே அனுபவத்தின் வெவ்வேறு பகுதிகளே வெளிவருகின்றன என்பதை அவர் நுணுகி ஆராய்ந்தார். நீதிமன்றத்துக்குத் தேவையானது குற்றம், நாள், இடம் ஆகியவை. முகாமில் உயிர்வாழச் செய்துகொண்ட சமரசங்களோ, உடலுக்கு நேர்ந்த அவமானமோ அங்கே இடம்பெறுவதில்லை. ஆகவே பேசாமலிருப்பதை மறதி என்று கொள்வது தவறு; கேட்க விரும்பாதவர்கள் நடுவே மீண்டும் வாழத் தொடங்குவதற்கு அப்பெண்களுக்கு மௌனம் ஒரு தேவையாக இருந்தது என்பது பொலாக்கின் முடிவு. ‘சொல்ல முடியாததைக் கையாளுதல்’ என்று அவர் பெயரிட்ட இக்கருத்து 1986இல் கட்டுரையாகவும் 1990இல் நூலாகவும் விரிவடைந்தது. நினைவையும் மௌனத்தையும் பற்றிய அவருடைய எழுத்துகள் போர்த்துகீசிய மொழியில் வெளியாகி, பிரேசிலின் வாய்மொழி வரலாற்று ஆய்வாளர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டன.

மௌனத்தை இவ்வாறு புரிந்துகொண்டவருக்கே எய்ட்ஸ் காலத்தின் மௌனமும் விளங்கியது. 1984 ஜூனில் மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ காலமானபோது, வெளியிடப்பட்ட மருத்துவ அறிக்கையில் எய்ட்ஸ் என்ற பெயர் இடம்பெறவில்லை. அவருடைய வாழ்க்கைத் துணைவரும் சமூகவியலாளருமான டானியேல் தெஃபேர், அவ்வாண்டின் இறுதிக்குள் ‘எய்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கி, நோயுற்றோருக்கு ஆதரவளிப்பதையும் தடுப்புச் செய்திகளைப் பரப்புவதையும் மேற்கொண்டார். அடுத்த ஆண்டில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை பயன்பாட்டுக்கு வந்தது. அதே 1985இல்தான் பொலாக்கும் அவருடைய சக ஆய்வாளர் மரி-ஆன்ஜ் ஷில்ட்ஸும் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான ‘கே பியே’ என்ற வார இதழின் வழியே ஒரு கேள்வித்தாளைப் பரப்பினர்.

அக்கேள்வித்தாளின் செயல்முறை எளியது. இதழோடு வந்த தாளை வாசகர் தனிமையில் நிரப்பி, பெயர் எழுதாமல் அஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். வயது, கல்வி, தொழில், வசிக்கும் ஊர் ஆகியவற்றோடு, தன் ஈர்ப்பைப் பற்றிக் குடும்பத்தாரில் யாருக்குத் தெரியும், அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா, நோயுற்ற எவரையேனும் நேரில் அறிந்திருக்கிறாரா, நோய்க்கு அஞ்சி நடத்தையில் எதையேனும் மாற்றிக்கொண்டாரா என்பவையும் அதில் கேட்கப்பட்டன. அரசின் அலுவலர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் எவரும் வாய்திறந்திருக்க மாட்டார்; தாம் நம்பும் இதழ் கேட்டதால் பலர் எழுதினர். இதில் அடங்கிய குறையும் வெளிப்படையானதே. இதழ் வாங்குவோர் பெரும்பாலும் இளைஞர்கள், நகரவாசிகள், படித்தவர்கள். பதில் எழுத முன்வருவோரோ அவர்களிலும் அக்கறை மிக்கவர்கள். எனவே இம்மாதிரியைக் கொண்டு நாட்டிலுள்ள தன்பாலீர்ப்பு ஆண்கள் அனைவரையும் பற்றி விழுக்காடு சொல்ல இயலாது. ஆயினும் இதே கேள்விகளை ஆண்டுதோறும் திரும்பக் கேட்டபோது, மாற்றம் எத்திசையில் செல்கிறது, யாரிடம் விரைவாகவும் யாரிடம் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது தெளிவாகப் புலப்பட்டது.

1987இல் கட்டுரையாகவும் 1988இல் ‘தன்பாலீர்ப்பாளர்களும் எய்ட்ஸும்: ஒரு கொள்ளைநோயின் சமூகவியல்’ என்ற நூலாகவும் வெளிவந்த முடிவுகள், அக்காலத்தில் நிலவிய இரண்டு தப்பெண்ணங்களை மறுத்தன. ‘பொறுப்பற்றவர்கள்’ என்று தூற்றப்பட்ட இவர்கள், அரசின் பரப்புரை தொடங்குவதற்கு முன்பே தங்கள் வாழ்க்கைமுறையை மாற்றத் தொடங்கியிருந்தனர் என்பது முதலாவது. அம்மாற்றம் தொடக்கத்தில் உறவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாக அமைந்து, பிறகே ஆணுறைப் பயன்பாடாக விரிந்தது. தகவல் கிடைத்தால் எல்லோரும் ஒரேபோலத் தற்காத்துக்கொள்வர் என்ற நம்பிக்கை தவறு என்பது இரண்டாவது. படித்த, நகர்ப்புற, சுற்றத்தாரால் ஏற்கப்பட்ட ஆண்களிடம் மாற்றம் விரைந்து நிகழ்ந்தது; சிற்றூர்களிலும் உழைக்கும் வர்க்கத்திலும் தம்மை மறைத்துக்கொண்டு வாழ்ந்தோரிடம் அது தாமதமாயிற்று. ஈர்ப்பை ஒளித்து வாழ்பவர் தனக்கு ஏற்பட்டுள்ள ஆபத்தைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுப் பேச முடியாது. பேச முடியாதவருக்கு அறிவுரை எட்டினாலும் அதைச் செயற்படுத்தத் துணை கிடைப்பதில்லை. பெருந்தொற்றின் பாதையைத் தீர்மானிப்பதில் சமூக ஏற்புக்கும் வர்க்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதே அந்நூலின் சாதனை.

பிரெஞ்சு அரசு மெதுவாகவே விழித்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக ஆணுறை விளம்பரத்துக்கு இருந்த தடை 1987இல்தான் நீங்கியது. 1988இல் எய்ட்ஸ் ஆய்வுக்கான தேசிய முகமை தோற்றுவிக்கப்பட்டதும் உயிரியலோடு சமூக அறிவியல்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1991–92இல் 20,055 பேரைத் தொலைபேசியில் வினவி, பிரெஞ்சு மக்களின் பாலியல் நடத்தை பற்றி அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிய கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. இருபது ஆண்டுகளாக எவரும் கேட்கத் துணியாத கேள்விகளை, கொள்ளைநோயின் நெருக்கடியால் அரசே கேட்க வேண்டியதாயிற்று; அவற்றை எவ்வாறு கேட்பது என்ற பாடத்தை வாரஇதழ் ஒன்றின் வாசகர்கள் முன்பே கற்பித்திருந்தனர்.

தான் சார்ந்த சமூகத்தையே ஆராய்பவரின் முடிவுகளை நம்பலாமா என்ற ஐயம் பொலாக் போன்றோரை நோக்கி எளிதில் எழக்கூடியது. தம் மாதிரியின் எல்லைகளை அவரே வெளிப்படையாக எழுதியதும், தமக்கு உவப்பில்லாத முடிவுகளையும் மறைக்காததும் அதற்குப் போதுமான விடை. 1992 ஜூனில், 43 வயதில், அவரும் எய்ட்ஸால் பாரிஸில் காலமானார். சில மாதங்களில் ‘கே பியே’ இதழும் நின்றது. ஆனால் ஷில்ட்ஸ் பிற இதழ்களின் துணையோடு கணக்கெடுப்பைத் தொடர்ந்தார். பின்னர் பொதுச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் அது 2011 வரை நடைபெற்றது.

பொலாக்கின் பத்தாண்டுக்கால உழைப்பு நிறுவிய உண்மை இன்றும் மாறவில்லை. ஒரு தொற்றை எதிர்கொள்ளும் அரசு, அதற்கு ஆளாவோரைக் குற்றவாளிகளாக நடத்தினால், அவர்கள் பரிசோதனைக்கு வரமாட்டார்கள், கேள்விக்கு உண்மையான விடை தரமாட்டார்கள், அறிவுரையையும் ஏற்கமாட்டார்கள். பெருந்தொற்றுக் காலத் திட்டங்களை வகுப்போர் மருந்துக்கும் படுக்கைக்கும் ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கையேனும், தம்மை மறைத்துக்கொள்ள நேர்ந்த மக்கள் அச்சமின்றிப் பேசுவதற்கான வழிகளை அமைப்பதற்கு ஒதுக்க வேண்டும்; அது இரக்கத்தின் பேரில் செய்யும் சலுகையன்று, நோய்த்தடுப்பின் அடிப்படைப் பணி.