குடிக்கூலியினின்று சொந்த மனைக்கு

குடிக்கூலி கொடுத்துப் பிறர் மனையில் வாழ்வார்க்குத் திங்கள்தோறும் எழும் கவலை யாவரும் அறிந்ததே. அக்கவலையைத் தமிழர் பலர் கடல் கடந்து குடியேறிய சிங்கப்பூர் எவ்வாறு தீர்க்க முற்பட்டது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1927இல் தோன்றிய நகர அபிவிருத்தி டிரஸ்டு கட்டிய வீடுகள் பெருகிய ஜனத்தொகைக்குப் போதாமையால், 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. மறு ஆண்டே புக்கிட் ஹோ ஸ்வீயில் மூண்ட பெருந்தீயால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்கட்கு அக்கழகம் விரைந்து மனைகள் கட்டிக் குறைந்த வாடகைக்கு அளித்தது.

நிற்க. வாடகை உதவியோடு அமையாது, 1964இல் மனைகளை விற்கும் திட்டமும் வந்தது. ஆயினும் கைப்பொருளினின்று முன்பணம் தேடுதல் எளியோர்க்கு அரிதாயிற்று. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து இடும் மத்திய சேமநிதியினின்றே முன்பணமும் தவணையும் செலுத்தலாம் என 1968இல் இசைவு கிடைத்த பின்னரே வாங்குவோர் தொகை பெருகிற்று. அவ்வுரிமையும் 99 ஆண்டுக் குத்தகையே என்பதை மறத்தலாகாது. வாங்க வகையற்றோர்க்கு வாடகை மனைகள் இன்றும் உள.

இதனால் நாம் அறிவது யாதெனின், அரசின் உதவி பாதி, குடும்பத்தின் சேமிப்பு பாதி என்பதே. நம் சங்கத்துக் குடும்பங்கள் வீட்டு வசதி வாரியத்தையோ கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தையோ நாடுமுன், திங்கள்தோறும் சிறுதொகையேனும் சேர்த்து வருவார்களாக.