மெழுகும் துத்தநாகத் தகடும்: சென்னை ஓவியர்களின் பிழைப்பும் கோடும்

சென்னை ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். 1960களில் பம்பாய் ஓவியர்கள் வண்ணத்தைத் தடித்த பூச்சாக அப்பிக்கொண்டிருந்தபோது சென்னையில் கோடு ஏன் இவ்வளவு ஓங்கி நின்றது? வழக்கமான விடை மரபைக் காட்டும். வாசல் கோலம், ஓலைச்சுவடி எழுத்து, கோயில் தூண் சிற்பம் ஆகியவை ஓவியர்களின் கைக்குள் இறங்கிவிட்டன என்பார்கள். இந்த விடையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது போதாது. கோலமும் சுவடியும் 1930களிலும் இருந்தன. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர்களிடம் இந்தக் கோடு பொதுப் பண்பாகத் தலைதூக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் மாறியது ஓவியரின் பிழைப்பு. கோட்டின் வரலாற்றில் அந்தப் பிழைப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளியின் பிறப்பிலேயே இதற்கான முடிச்சு இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி கைத்தொழிலுக்கானது. நுண்கலை அங்கே பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்ததோடு, படித்து முடித்தபின் எதைக் கொண்டு வாழ்வார்கள் என்ற கேள்வியையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். படம் வாங்குவோர் சென்னையில் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தனர். பட்டம் பெற்றவர் விளம்பர நிறுவனத்துக்கோ ஜவுளி வடிவமைப்புக்கோ போவார்; வரைவது ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடும். பணிக்கர் கண்ட வழி எளியது. கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் படம் வரைய வேண்டும். பாத்திக் துணி விற்ற பணமும் சேர்ந்துதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் சோழமண்டல் ஓவியர் கிராமம் எழுந்தது.

பாத்திக் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கலை வரலாற்று நூல்கள் அதை வருமானக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ சிறு குழல் பொருத்திய கருவியாலோ துணியில் இழுக்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு ஆறுவதற்குள் கோட்டை முடித்தாக வேண்டும். தயங்கினால் சொட்டி ஊறிவிடும். போட்ட கோட்டை அழிக்க வழியில்லை. நிறமும் ஓவியரின் விருப்பப்படி வராது. வெளிர் சாயத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கருநிறத்துக்குப் போக வேண்டும். ஆகவே முதல் கோடு இழுக்கும்போதே முழுப் படமும் தட்டையான பரப்புகளாக மனத்தில் பிரிந்திருக்க வேண்டும். ஒளி நிழல் காட்டி உருவத்தைத் திரட்டும் மேலைப் பயிற்சி இங்கே கொஞ்சமும் உதவாது. அன்றாடம் சில மணி நேரம் இப்படி உழைத்த கை, மாலையில் கித்தானுக்கு முன் நிற்கும்போது முற்றிலும் வேறு கையாக மாறிவிடும் என்று நம்புவது கடினம். சோழமண்டல் ஓவியங்களில் காணும் தட்டைப் பரப்பும் அறுபடாத வரைகோடும் மரபிலிருந்து வந்தவை என்றால், அவை வந்த வழிகளில் ஒன்று இந்தச் சாயத் தொட்டி.

உலோகத்திலும் இதுவே நடந்தது. பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் படைத்த சிற்பங்கள் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் பார்ப்பதற்கானவை. தகட்டை அடித்தும் ஒட்டியும், மேலே கம்பியால் கோடு வரைந்தும் உருவாக்கியவை. கோயிலில் கவசம் சாத்திய மூர்த்தியும் முன்பக்கம் காண்பதற்கே என்று விமர்சகர்கள் நினைவூட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் கைவினைக் கூடத்தில் தட்டும் அணிகலனும் செய்யப் பயன்பட்டதும் அதே தகடு, அதே சுத்தியல், அதே பற்றவைப்பு. வார்ப்புக்கான வெண்கலத்துக்கும் உலைக்கும் ஆகும் செலவு தகட்டுக்கு ஆகாது.

கோட்டின் இன்னொரு உலை அச்சகம். 1970இல் தொடங்கிய கசடதபற போன்ற சிற்றிதழ்கள் ஈய எழுத்துக் கோத்து அச்சானவை. படம் போட வேண்டுமென்றால் பிளாக் எடுக்க வேண்டும். சாயல் வேறுபாடு காட்டும் ஹாஃப்டோன் பிளாக்குக்கு வழவழப்பான தாள் தேவை. சாதாரணத் தாளில் அது மசியப்பிக் கரிக்கட்டையாகிவிடும். துத்தநாகத் தகட்டில் எடுக்கும் லைன் பிளாக் மலிவு. எந்தத் தாளிலும் துலங்கும். சந்தாவை நம்பி மூச்சு வாங்கிய இதழ்கள் எதைக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோடு தமிழ் வாசகருக்கு முகமறிந்த கோடானது இந்த வழியில்தான். நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர் அவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களால் பெயர் பெற்றார். ஞானக்கூத்தனின் கவிதைத் தொகுப்பிலும், ஜூனியர் விகடனில் வந்த கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசியிலும் அவரது பேனா எழுத்தாளருக்கு அருகில் உட்கார்ந்தது. கூலி என்று பார்த்தால் சிற்றிதழ்கள் கொடுத்தது ஒன்றுமில்லை. அவை கொடுத்தது ஒரு கட்டுப்பாடு.

எழுத்தாளர்களை இதே அளவுகோலால் அளக்க முடியாது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். ஸ்டுடியோ வேலை அசோகமித்திரனுக்குக் ‘கரைந்த நிழல்கள்’ நாவலின் உலகத்தைக் கொடுத்தது. அதாவது எழுத்தாளரின் பிழைப்பு பெரும்பாலும் கதைப்பொருளைத் தருகிறது. கையால் உழைக்கும் ஓவியரின் பிழைப்பு வடிவத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. இரண்டையும் ‘வயிற்றுப்பாடு’ என்ற ஒரே மூட்டையில் கட்டியதால்தான் இந்த வேறுபாடு விமர்சகர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். ஆசிரியப் பணி இரண்டுக்கும் நடுவில் வரும். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்குவதற்கு, மாணவர் ஒருவரின் நோட்டுப் பக்கத்தில் எண்ணும் எழுத்தும் வடிவியல் கோடுகளும் கலந்து கிடந்த காட்சியும் ஒரு தூண்டுதல் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

இதைப் பிழைப்பின் புகழ்ச்சியாக வாசிக்க வேண்டாம். இந்த ஏற்பாடு எல்லோரையும் ஒரேபோல் தாங்கவில்லை. பணிக்கரிடம் படித்தவர்களுள் தனித்துவம் மிக்கவரான டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தின்போது இருபத்தொன்பது வயதில் இறந்தார். சோழமண்டல் தொடங்கிய காலத்தில் பெண் ஓவியர் என்று அர்ணவாஸ் போன்ற ஓரிருவர் பெயரே கிடைக்கிறது. கைவினைக் கூடம் ஓவியருக்கு மாலைப் பொழுதை விடுவித்தது உண்மை. வீட்டில் அந்த மாலைப் பொழுது யாருடையதாக இருந்தது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

என் வாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. கட்டுப்பாடு தளர்ந்தபின் கோடு என்ன ஆயிற்று? பத்திரிகைகள் ஆஃப்செட்டுக்கு மாறின. படங்களுக்கு வாங்குவோர் வந்தார்கள். பாத்திக் மெல்லக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் ஆதிமூலம் தைல வண்ணத்தில் பெரிய அருவ நிலக்காட்சிகளை வரைந்தார். கோடு அங்கே வண்ணத்துக்குள் கரைந்துவிடுகிறது. வெறும் மரபின் உந்துதல் மட்டும் என்றால் கித்தானிலும் அது அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் பிழைப்பு மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. எந்த நெருக்கடியும் இல்லாத கடைசி ஆண்டுகள்வரை புத்தக அட்டைக்கும் இதழ்த் தலைப்புக்கும் அவர் பேனாவைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார்.