இணைய மறுமொழியின் ஆயுட்கணிப்பு

தெல்லிப்பழை வீடுகளிற் சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் பழைய பஞ்சாங்கம் ஒதுக்கப்பட்டுப் புதியது இடம்பெறும். சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம் கிழியாதிருப்பினும் அதன் திதிகள் இவ்வாண்டுக்குப் பொருந்தா. இத்தகைய வினாவொன்று இணைய வரலாற்றிலும் எழுந்தது: ஒருமுறை பெற்றுச் சேமித்த மறுமொழியை எத்துணைக் காலம் மெய்யெனக் கொள்ளலாம்?

1994 ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடைபெற்ற முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில், அரி லுவோற்றொனென், கெவின் அல்ரிஸ் ஆகிய இருவரும் இடைநிலை வழங்கிகள் பற்றிய கட்டுரையொன்றை அளித்தனர். பலரும் வேண்டும் பக்கத்தை ஒருமுறை பெற்று அண்மையிற் சேமித்து வைப்பின், தொலைவிலுள்ள மூல வழங்கியைப் பன்முறை நாட வேண்டுவதில்லை. ஆயின், சேமித்தது பழையதாகிவிடும் இடரும் உடன்வந்தது.

1996 மே மாதம் வெளிவந்த எச்.ரி.ரி.பி. 1.0 விவரணத்தில் 'எக்ஸ்பயர்ஸ்' என்னும் குறிப்பு முடிவுத் திகதியைக் கூறிற்று. இது பஞ்சாங்க முறை. பெறும் கணினியின் கடிகாரம் பிழைப்பின் கணிப்பும் பிழைக்கும். 1997 சனவரியில் வந்த 1.1 பதிப்பு, ஆயுளை வினாடிக் கணக்கிற் கூறும் 'மக்ஸ்-ஏஜ்' என்பதைச் சேர்த்தது. காய்ச்சிய கியாழம் இத்தனை நாழிகைக்கு ஆகும் என வைத்தியர் கூறுதல் போன்றது இது. இரண்டும் ஒருங்கு வரின் பின்னதே வலியது. முன்னது மட்டும் வரின், முடிவுத் திகதியிலிருந்து மறுமொழி பிறந்த திகதியைக் கழித்து ஆயுள் காணப்படும். வழியிற் கழிந்த காலத்தை 'ஏஜ்' என்னும் குறிப்பு அறிவிக்கும். 3600 வினாடி ஆயுளில் 1200 கழிந்திருப்பின் எஞ்சுவது 2400.

மூல வழங்கி யாதும் கூறாதவிடத்து அனுமானமே துணை. பக்கம் இறுதியாக மாறியதிலிருந்து கழிந்த காலத்தின் பத்திலொரு பங்கை அப்பதிப்பு எடுத்துக்காட்டாகச் சுட்டிற்று; 100 நாள் மாறாதிருந்த பக்கம் 10 நாளுக்குப் புதிதெனக் கொள்ளப்படும். எனினும், பரீட்சைப் பெறுபேற்றுப் பக்கம் பல மாதம் மாறாதிருந்து ஒரே நாளில் மாறுவது. ஆங்கு இவ்வனுமானத்தை நம்பின், பெறுபேறு வெளிவந்த பின்னரும் மாணவன் பழைய பக்கத்தையே காண நேரும்.

ஆயுள் முடிந்த மறுமொழியை உடனே எறிந்துவிட வேண்டுவதில்லை. மூல வழங்கியை வினவி, மாறவில்லை என்பதைக் குறிக்கும் 304 என்னும் விடை வரின், அதனையே மீளப் பயன்படுத்தலாம். 1999, 2014, 2022 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களிலும் இவ்வொழுங்கு நிலைத்துள்ளது. சேமிப்போன் தன் அனுமானத்தினும் மூலத்தின் சொல்லை மேலாகக் கொள்ளுதலே இவ்வொழுங்கின் அடிப்படை. ஏட்டைப் பயில்வோர்க்கும் அஃது ஏற்புடைத்து.