சிவப்பிலிருந்து நீலத்துக்கு

கல்லூரி விடுதியில் யாருடைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியமோ ஒன்றுதான்: ‘டிஃப்ராக் போட்டுடலாம்டா.’ விண்டோஸ் எக்ஸ்பியின் அந்தத் திரையில், துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகள் சிவப்புக் கோடுகளாகவும், ஒரே இடத்தில் சேர்ந்திருப்பவை நீலமாகவும் தெரியும். இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் சிவப்பு பெரும்பாலும் மறைந்திருக்கும். ‘இப்ப எப்படிப் பறக்குது பாரு’ என்பேன். நிஜமாகவே பறக்கிறதா என்று ஒருநாளும் கடிகாரம் வைத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சடங்கில் பலன் இருந்ததா என்று பல வருடங்கள் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டும், அதன்மேல் அலையும் கையும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டுக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய இடம் கையின் நுனிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. கை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 9 வாக்கில். ஆக, ஒரு தாவலுக்குச் சுமார் 13 மில்லிசெகண்ட். ஒரு கோப்பு 100 துண்டாகக் கிடந்தால், படிப்பதை விடுங்கள், தாவுவதற்கே ஒரு நொடிக்கு மேல் போய்விடும். எனவே நோய் கற்பனை இல்லை.

யூனிக்ஸ்காரர்கள் இதை முன்பே அளந்து வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நால்வரும் எழுதி 1984இல் வெளிவந்த கட்டுரை இது: பழைய கோப்பமைப்பு புதிதாக இருக்கும்போது நொடிக்கு 175 கிலோபைட் வரை தரும்; சில வாரங்கள் மிதமாகப் புழங்கினாலே 30க்கு இறங்கிவிடும். காலி இடங்களின் பட்டியல் முதலில் வரிசையாக இருக்கும். கோப்புகள் உருவாகி, அழிந்து, மறுபடி உருவாகும்போது அது சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துபோகும். எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து, கோப்பமைப்பைப் புதிதாகக் கட்டி, திரும்ப நிரப்புவதுதான் அதற்கு ஒரு வழி. பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் டிஃப்ராக்தான்.

அவர்கள் வேறு வழி தேர்ந்தெடுத்தார்கள். வட்டைச் சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, ஒரு கோப்பின் பகுதிகளை முடிந்தவரை பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால் சுமார் 10 சதவீதத்தை எப்போதும் காலியாக விட்டார்கள். வீட்டைத் தினமும் ஒழுங்குபடுத்துவதைவிட, பொருளை வைக்கும்போதே அதனிடத்தில் வைப்பது மேல் என்கிற சாதாரண புத்தி.

1981இல் வந்த எம்எஸ்-டாஸின் கதை வேறு. அதன் ஃபேட் என்கிற அட்டவணையில், கோப்பின் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டு எங்கே என்று மட்டும் சொல்லும். ஃப்ளாப்பிக்கு அந்த எளிமை போதும். ஹார்ட் டிஸ்க் பெருத்தபோது சிதறலும் பெருத்தது. முதலில் நார்ட்டன் ஸ்பீட் டிஸ்க் மாதிரி, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் மருந்துகள் வந்தன. 1993இல், எம்எஸ்-டாஸ் 6உடன், சிமாண்டெக்கிடம் உரிமம் பெற்ற டிஃப்ராக் சேர்ந்தே வந்தது. பெர்க்லியில் வடிவமைப்பாளர் சுமந்த வேலை இங்கே பயனர் தலையில் விழுந்தது. நாங்களும் அதைச் சந்தோஷமாகவே சுமந்தோம். திரையில் கட்டங்கள் நகர்வதைப் பார்க்கும் சுகம் அப்படி.

விஸ்டா அந்தப் படத்தையே எடுத்துவிட்டு, வேலையை வாரம் ஒருமுறை தானாக நடக்கும்படி மாற்றியது. விஸ்டா இன்னொன்றும் செய்தது: 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை அது சேர்க்க முயல்வதில்லை. அந்த அளவைப் படிக்கவே அரை நொடிக்கு மேல் ஆகும்போது, இடையில் ஒரு தாவல் ஓரிரு சதவீதம்தான். சிவப்பு முழுக்க நீலமாக வேண்டும் என்ற ஆசைக்குக் கணக்கில் இடமே இல்லை. எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, அலையும் கையும் இல்லை. அதன் செல்களை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பு உண்டு. அதில் டிஃப்ராக் போடுவது ஆயுளைக் கரைப்பது.

நான் கற்றுக்கொண்ட பாடம் இதற்கு முன்பே நடந்தது. மூன்றாம் வருடத்தில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. வட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வேறு. வழக்கம்போல டிஃப்ராக் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் அது எழும்பவே இல்லை. அவன் ப்ராஜெக்ட்டும் அக்கா கல்யாண ஃபோட்டோக்களும் அதோடு போயின. மெதுவாக ஓடியதற்குக் காரணம் சிதறல் இல்லை, வட்டே செத்துக்கொண்டிருந்தது. அந்த நோயாளியை இரவு முழுக்க நான் ஓடவிட்டிருக்கிறேன். எப்படியும் போயிருக்கலாம்தான். ஆனால் போவதற்கு முன் கிடைத்த ஒரு இரவை நகலெடுக்கச் செலவழித்திருக்கலாம்.

இப்போதும் உறவுக்காரர் யாராவது, ‘கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குப்பா, டிஃப்ராக் பண்ணலாமா?’ என்று கேட்பார்கள். சுழலும் வட்டாக இருந்தால் விண்டோஸே பார்த்துக்கொள்ளும், எஸ்எஸ்டியாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன்: ‘ஃபோட்டோவுக்கெல்லாம் இன்னொரு காப்பி வச்சிருக்கீங்களா?’